பட்டன் மேஸ்திரியும் டீச்சரின் கிடாரும்

பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்ட்டில், அந்த நாளில் வாழ்ந்த ஆண்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். பட்டன் மேஸ்திரியிடம் சட்டைப் பட்டனைப் பறிகொடுத்தவர்கள் ஒரு வகை. பறிகொடுத்தது இன்னும் தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள் இன்னொரு வகை. துரைமார், பாண்டு வாத்தியக்காரர்கள், ரயில்வே கார்டுகள், ஏலம் கேட்க வந்த சேட்டுகள் என்று ஒருத்தரும் தப்பவில்லை. நான் முதல் வகை. என் மாமனார் இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்கு மாறிய காட்சியை என் கண்ணாலேயே பார்த்தேன்.

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். அப்போதெல்லாம் நல்ல சட்டை என்றால் அதற்கு முத்துச்சிப்பிப் பட்டன் வைப்பார்கள். வெளிச்சத்தில் திருப்பினால் பச்சையும் ரோஜா நிறமும் உள்ளுக்குள்ளே ஓடும். அதை அறுத்து, அரம் போட்டு, கிடாரின் கழுத்தில் பதிப்பதுதான் மேஸ்திரிக்கு உயிர். சிப்பி பதிக்க ஓர் இடம் வேண்டுமே என்பதற்காகத்தான் மனுஷன் கிடாரே செய்கிறார் என்று எங்களுக்கெல்லாம் ஒரு சந்தேகம் உண்டு.

பரேடு மைதானத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏல ஹாலில் நான் அப்போது கணக்கெழுதும் ரைட்டர். சீமைக்குத் திரும்பும் துரைகள் கட்டில், பீரோ, பியானோ முதல் நாய்க்கூண்டு வரைக்கும் எங்கள் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறுவார்கள். உடைந்த காலை ஒட்டி, கீறலை மறைத்து, அதையெல்லாம் ஏலத்துக்கு லாயக்காக்குவது பின்பக்கக் கொட்டகையில் மேஸ்திரியின் உத்தியோகம். ஒரு தடவை முதுகு பிளந்த கிடார் ஒன்று வந்தது. கேட்க ஆளில்லை. மேஸ்திரி அதைக் கொட்டகைக்குத் தூக்கிப் போய், ஒட்டியிருந்த வச்சிரப் பசையை வெந்நீர்த் துணியால் இளக்கி, துண்டு துண்டாகக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நாளில் ஒரு பழைய ஈட்டிமரக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலிருந்து புதுக் கிடார் ஒன்று பிறந்துவிட்டது. தண்டில் டான்ஸ் பைத்தியம் தலைக்கேறியிருந்த சமயம் அது. ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரப் பையன்கள் கொட்டகை வாசலில் தவம் கிடக்க ஆரம்பித்தார்கள்.

மேஸ்திரியிடம் ஒரு விசித்திரம். எதிரில் யார் நின்றாலும் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். சட்டைப் பட்டனைப் பார்த்துத்தான் பேசுவார். நாம் பேசும்போதும் பட்டன்தான் பேசுகிறது என்பது போல அதையே உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பார். "மூஞ்சி பொய் சொல்லும் ரைட்டர் சார், பட்டன் சொல்லாது" என்பது அவர் கட்சி. அத்தனை வருஷம் கூட வேலை பார்த்த நான், ஒரு நாள் சட்டை இல்லாமல் எதிரே போய் நின்றிருந்தால் அடையாளம் கண்டிருப்பாரா என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அவர் சட்டை மட்டும் ஊசியில்தான் நின்றது. பட்டன் இருக்க வேண்டிய இடமெல்லாம் சேஃப்டி பின். சொந்தப் பட்டன்கள் எப்போதோ யார் யார் கிடாரிலோ போய்ச் சேர்ந்துவிட்டன. கழுத்தில் மாத்திரம் ஒன்று மிச்சம். தடிமனான, பெரிய, பழைய பட்டன். சின்ன வயசில் கோயிலில் முதல் நற்கருணையான புது நன்மை வாங்கியபோது அவருடைய அம்மா வைத்துத் தைத்தது. சட்டை கிழிந்தால் அடுத்த சட்டைக்கு அது குடிபெயரும். ஒரு தடவை பாண்டுக்காரன் ஒருவன் அதைத் தன் கிடாருக்குக் கேட்டுவிட்டான். மேஸ்திரி கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு அவனை வாசலோடு அனுப்பிவிட்டார்.

என் மாமனார் கதைக்கு வருகிறேன். ஆற்காட்டிலிருந்து மகளைப் பார்க்க வந்தவர், மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தையும் பார்த்துவிடலாம் என்று ஹாலுக்கு வந்தார். ஜிப்பாவில் அருமையான சிப்பிப் பட்டன்கள். மேஸ்திரி குனிந்து, "ஐயா, நூல் தொங்குது, கத்தரிச்சு வுடட்டுமா" என்று பரிவோடு கேட்டார். மாமனாரும் பெருந்தன்மையோடு நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். வீடு திரும்பும்போது ஜிப்பாவைக் கையால் பிடித்துக்கொண்டே ஜட்காவில் ஏறினார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் பட்டனையும் கொடுக்க வேண்டியதாயிற்று என்று சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிடாரில் என்ன பதிப்பது என்பதைக் காசு கொடுப்பவர் தீர்மானிக்க முடியாது. மேஸ்திரி தீர்மானிப்பார். ஆள் வாசலில் நுழைந்து, நாலடி நடந்து, நின்றால் போதும். பட்டனைப் பார்ப்பார், நிற்கிற தோரணையைப் பார்ப்பார், முடிந்தது. ஒக்கலிபுரத்து மரக்கடைக்காரர் மகன் ஒருவன், கழுத்து முழுக்கத் தோகை விரித்த மயில் வேண்டும் என்று படமே வரைந்துகொண்டு வந்தான். மேஸ்திரி பதித்ததோ ஒற்றை இறகு. அவன் குதித்தான். "முழு மயிலையும் வச்சிட்டா அப்புறம் உன்னை யாருப்பா பாப்பாங்க" என்றார். பையன் யோசித்துவிட்டு இறகோடு போனான். ஒரு பாண்டு மாஸ்டருக்கு ராஜ கிரீடம் வேண்டியிருந்தது. அவர் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு மேஸ்திரி சேவல் பதித்துக் கொடுத்தார். பாண்டு மாஸ்டர் இங்கிலீஷில் வைத வசவெல்லாம் கொட்டகைக் கூரையில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தச் சேவலைப் பார்க்கவே டான்ஸ் ஹாலில் கூட்டம் சேர்ந்தது. பிற்பாடு சேவலுக்குக் கொண்டையில் சிவப்புக் கல் வைக்க முடியுமா என்று அவரே வந்து கேட்டார்.

வேலை செய்யும்போது மேஸ்திரியின் பொறுமையைப் பார்த்தால் நமக்கு மூச்சு முட்டும். காகிதத்தில் வரைந்து, சிப்பியில் ஒட்டி, தலைமயிர் போன்ற வாளால் அறுப்பார். அறுத்த சிப்பியை மரத்தில் வைத்து ஊசியால் சுற்றிக் கீறுவார். கீறலுக்குள்ளே உளி வைத்துக் குழி எடுப்பார். சிப்பி அதில் போய் உட்கார்ந்தால் விரலால் தடவினாலும் விளிம்பு தெரியக் கூடாது. மயிரிழை இடைவெளி இருந்தால் அதே மரத்தின் தூளை வச்சிரத்தில் குழைத்து அடைப்பார். ஒன்றில் மட்டும் கண்டிப்பு. என்ன பதிப்பது என்று மனசு முடிவாகாமல் உளியைத் தொட மாட்டார். குழி வெட்டினால் வெட்டினதுதான், மரம் மறுபடி மூடிக்கொள்ளாது என்பார்.

இப்பேர்ப்பட்ட மனுஷனிடம் ரெஜினா டீச்சர் வந்து சேர்ந்தார்.

பிளாக்பள்ளிப் பேட்டைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாதா கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல் அவருடையது. கோயில் ஹார்மோனியத்தின் துருத்தி கிழிந்தபோது மேஸ்திரிதான் போய்த் தைத்துக் கொடுத்தார். அந்தப் பழக்கத்தில், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஒரு சின்னக் கிடார் வேண்டும் என்று டீச்சர் கேட்க வந்தார். மேஸ்திரி கிடாரின் உடம்பை ஐந்தே வாரத்தில் செய்து முடித்தார். அத்தனை அழகாக அவர் வேறெதையும் செய்து நான் பார்த்ததில்லை. கழுத்தில் எல்லாம் முடிந்து, பன்னிரண்டாம் மெட்டில், கம்பியின் நடுப்பாதி வருகிற இடத்தில், ஒரே ஒரு பதிப்பு வேலை பாக்கி. அங்கேதான் வண்டி நின்றது.

காரணம் எளிது. டீச்சர் சேலை கட்டுகிறவர். பெண்பிள்ளைகள் எதிரே வந்தால் மேஸ்திரி பார்ப்பது தரையை. பட்டனும் இல்லை, முகமும் இல்லை என்றால் மனுஷன் எதைப் பார்த்துத் தீர்மானிப்பது? லீலிப்பூ அறுத்தார். டீச்சருக்குப் பத்தாது என்று ஒதுக்கினார். புறா அறுத்தார். அது ரொம்பச் சாதாரணம் என்றார். திராட்சைக் கொடி, விடிவெள்ளி, அன்னம் எல்லாம் சிகரெட் டின்னுக்குள் போயின. ஊரெல்லாம் பறித்த பட்டன் டீச்சர் ஒருத்தருக்காகவே செலவாகிக்கொண்டிருந்தது.

டீச்சர் சனிக்கிழமைதோறும் கிடார் ஆயிற்றா என்று கேட்க வருவார். நான் ஏலத்துக்கு வந்த நாற்காலி ஒன்றைக் கொட்டகையில் போடுவேன். அடுத்த சனிக்கிழமை வேறு நாற்காலி, ஏனென்றால் போன வார நாற்காலி ஏலத்தில் போயிருக்கும். இப்படி எத்தனையோ துரை வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்து டீச்சர் காத்திருந்தார். வரும்போது உடைந்த சிப்பிச் சீப்போ, விசிறிக் காம்போ கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவார். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டே கை நீட்டி வாங்கிக்கொள்வார். டீச்சர் போகும்வரை கொட்டகையில் மர விஷயம் தவிர வேறு பேச்சு எழாது. அவர் போன பிறகு மேஸ்திரி நெடுநேரம் சீழ்க்கையடித்துக்கொண்டிருப்பார். டீச்சர் பாடுகிற கோயில் பாட்டைத்தான் அடிப்பார்.

கிடார் எப்போதோ ஆகியிருக்க வேண்டும் என்பது டீச்சருக்குத் தெரியும். அவர் கிடாருக்காக வரவில்லை என்பது எனக்குத் தெரியும், ஹால் கூலிகளுக்குத் தெரியும், வாசலில் வேர்க்கடலை விற்றவனுக்குத் தெரியும். தெரியாத ஒரே ஜீவன் கொட்டகைக்குள் விடிவெள்ளிக்கு எத்தனை முனை வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

இப்படியே ரெண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. டீச்சருடைய அண்ணனுக்குப் பொறுமை தீர்ந்து, கோலார் தங்கவயலில் ஸ்டோர் கீப்பராக இருந்த ஒருவருக்கு நிச்சயம் பேசிவிட்டார். அந்தச் சனிக்கிழமை டீச்சர் கொட்டகைக்குள் போகவில்லை. என் மேஜைக்கு நேராக வந்தார். கண் சிவந்திருந்தது.

"சார், மேஸ்திரிகிட்ட சொல்லுங்க. எனக்குப் பூவும் வேணாம், புறாவும் வேணாம். வெறுங்கட்டையாவே குடுத்தாலும் எனக்கு அது போதும். இந்த மாசத்துக்குள்ளன்னு சொல்லிடுங்க."

இதற்கு மேல் ஒரு பெண் எப்படிச் சொல்லுவாள்? நான் கொட்டகைக்கு ஓடி ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். மேஸ்திரி உளியைக் கீழே வைத்தார். முகம் சுருங்கிவிட்டது. எனக்கு நம்பிக்கை பிறந்தது.

"வெறுங்கட்டையா? டீச்சருக்கா?" என்றார். "என் வேலை மேல அவுங்களுக்கு நம்பிக்கை போச்சா ரைட்டர் சார்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கல்யாண விஷயத்தையே உடைத்துச் சொன்னேன். டீச்சருக்கு நிச்சயம் ஆகப்போகிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்கப்போகிறார்கள் என்றேன். கிறிஸ்தவர்களிடம் ஓலை வாசிப்பது என்று ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று பூசையில் சாமியார் அறிவிப்பார். மூன்றாவது ஓலையும் வாசித்து முடிந்தால் அப்புறம் பேச்சுக்கு இடமில்லை. மேஸ்திரியும் அந்த வேதத்தில் பிறந்தவர்தான், எனக்கு முன்னாலேயே அவருக்கு இதெல்லாம் தெரியும். கேட்டுவிட்டு விரலை மடக்கி எண்ணினார். பிறகு, "மூணு ஞாயித்துக்கெழம இருக்கா, அதுக்குள்ள முடிச்சுடலாம்" என்றார். மூன்று ஓலையும் கிடாருக்கு வைத்த கெடு என்று எடுத்துக்கொண்டுவிட்டார் மனுஷன்.

முதல் ஓலை ஆயிற்று. சூரியகாந்தி அறுத்து ஒதுக்கினார். இரண்டாவது ஓலை ஆயிற்று. மீன் ஜோடி ஒன்று அறுத்து, அதையும் ஒதுக்கினார். தாடி வளர்ந்துவிட்டது, சோறு இறங்கவில்லை, நீலசந்திராவில் இருந்த வீட்டுக்கே சரியாகப் போகவில்லை. அவருக்கு என்ன நோவு என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்தது. அவர் மட்டும் டிசைன் அமையவில்லை, அதுதான் பேஜார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என்னையும் துணைக்கு வரச் சொன்னார். நான் நெற்றியில் விபூதியோடு கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தேன். பாட்டுக் குழுவில் டீச்சர் நின்றிருந்தார். வயசான வெள்ளைக்காரச் சாமியார் புத்தகத் தமிழில் ஓலை வாசித்தார். தடை அறிந்தவர் உண்டோ என்று வாசித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பக்கம் புரட்டுவதுதான் அவர் வழக்கம். ஒருத்தரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதாக அந்தக் கோயில் சரித்திரத்திலேயே கிடையாது.

மேஸ்திரி எழுந்து நின்றார்.

அழுத குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. டீச்சருடைய அண்ணன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் பாட்டுப் புஸ்தகத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு மேஸ்திரியையே பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். இத்தனை காலம் எதற்காகக் காத்திருந்தாரோ அது வந்துவிட்டது என்று அந்த முகம் சொல்லிற்று. மேஸ்திரி சாமியாருடைய அங்கியில் பட்டன் தேடிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு தடை இருக்கு" என்றார். "டீச்சர் கிடார் இன்னும் முடியல. ஒரு வாரம் டயம் குடுக்கணும்."

முதலில் யாரோ ஒரு பையன் களுக்கென்றான். அப்புறம் கோயில் முழுக்கச் சிரித்தது. சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அது திருச்சபை ஏற்கக்கூடிய தடை அல்ல மகனே, உட்காரும் என்றார். டீச்சருடைய அண்ணனும் சிரித்தார், உயிர் வந்தவராகச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. புஸ்தகத்தைத் திறந்து அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேட ஆரம்பித்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

பூசை முடிந்து படிக்கட்டில் டீச்சர் எங்களிடம் வந்தார். மேஸ்திரி வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்.

"மேஸ்திரி, எழுந்து நின்னப்போ நீங்க வேற ஏதோ சொல்லப் போறீங்கன்னு நெனச்சேன்."

"வேற என்ன டீச்சர்?"

டீச்சர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "ஒண்ணுமில்ல. கிடார எப்ப வந்து வாங்கிக்கட்டும்?" என்றார்.

அந்த வாரத்தில் மேஸ்திரி புதிதாக எதையும் வரையவில்லை. சிகரெட் டின்னைத் திறந்து பூ, புறா, அன்னம் எல்லாவற்றையும் மேஜையில் கொட்டி, ஒன்றொன்றாகப் பார்த்து, திரும்பவும் டின்னிலேயே போட்டு மூடினார். ஒரு நாள் காலையில் நான் கொட்டகைக்குப் போனபோது பன்னிரண்டாம் மெட்டில் வேலை முடிந்திருந்தது. பூ இல்லை, பறவை இல்லை. வட்டமாக, தடிமனாக, நடுவில் இரண்டு ஓட்டையோடு ஒரு பழைய பட்டன். ஓட்டையைக்கூட அவர் அடைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கழுத்தில் சேஃப்டி பின் குத்தியிருந்தது.

"மத்ததெல்லாம் ஊரான் ஊட்டு சாமான் ரைட்டர் சார்" என்றார் என் சட்டையைப் பார்த்து. "இது ஒண்ணுதான் என்னுது. அதான் பராபரா, பொருத்தமா இருக்கும்னு தோணிச்சு."

சனிக்கிழமை டீச்சர் வந்தார். கிடாரை மடியில் வைத்துக்கொண்டு விரலால் அந்தப் பட்டனைத் தடவினார். விளிம்பு விரலில் தட்டியிருக்காது. பிறகு மேஸ்திரியின் கழுத்தைப் பார்த்தார், பின்னைப் பார்த்தார். ரொம்ப நல்லாயிருக்கு என்று மட்டும் சொன்னார். கிடாரைச் சேலைத் தலைப்பால் போர்த்தி எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் கல்யாணம் ஆகிக் கோலாருக்கு ரயிலேறினார். நாற்காலி அந்த வாரமும் ஏலத்தில் போய்விட்டது.

மேஸ்திரி பழையபடி வேலை பார்த்தார், பழையபடி பட்டன் திருடினார். மழைக்காலம் போய்க் குளிரும் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் ஒரு டிராயருக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் சாமானுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் கை நின்றது.

"ஓ" என்றார்.

அவ்வளவுதான். என்ன விஷயம் என்று நானும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மேஸ்திரி அப்படியே ஸ்குருவைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சருக்கு நான் நாற்காலி போடும் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் சீழ்க்கையடித்து நான் கேட்டதில்லை.

சில வருஷத்தில் எனக்கு வேலூரில் வேறு வேலை கிடைத்தது. வழியனுப்ப மேஸ்திரி தண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். கழுத்தில் அதே பின், துருவேறியிருந்தது. என் புதுச் சட்டையைப் பார்த்து, உடம்பைப் பார்த்துக்குங்க, பிள்ளைகளைப் படிக்க வையுங்க என்றெல்லாம் என் பட்டன்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். கை மட்டும் துறுதுறுவென்றிருந்தது. ஊருக்குப் போகிறவனிடம் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது புரிந்தது. கார்டு விசில் ஊதினார். நான் கழுத்துப் பட்டனைப் பற்றி இழுத்து, நூலோடு அறுத்து, அவர் உள்ளங்கையில் வைத்து மூடினேன். கிடாருக்கு இல்லை, உங்க சட்டைக்கு என்றேன்.

மேஸ்திரி தலையைத் தூக்கினார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார்.